சமக்குறியை ‘விடை எழுதும் இடம்’ என்றே மாணவர்கள் எடுத்துக்கொள்வது ஏன்?

கேள்வி (குடியாத்தம், ஆசிரியை):
வணக்கம். ஆறாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கிறேன். 8 + 4 = □ + 5 என்று கரும்பலகையில் எழுதிக் கட்டத்தை நிரப்பச் சொன்னால், பெரும்பாலோர் தயங்காமல் 12 என்கிறார்கள்; சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்கிறார்கள். இத்தனைக்கும் கூட்டலில் அவர்களுக்குத் தடுமாற்றம் இல்லை. இயற்கணிதம் தொடங்கும் நேரத்தில் இது பெரிய முட்டுக்கட்டையாக நிற்கிறது. எப்படி மாற்றுவது?

பதில் (காட்பாடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்):
அம்மா, ஒன்றாம் வகுப்பிலிருந்து அவர்கள் போட்ட கணக்குகளைப் புரட்டிப் பாருங்கள். செய்ய வேண்டியது இடப்பக்கம், விடை வலப்பக்கம். ஆண்டுக்கணக்கில் இதையே பார்த்த குழந்தை, அந்தக் குறியைக் ‘கணக்கைப் போடு’ என்ற கட்டளையாக மனத்தில் பதித்துக்கொள்வதில் வியப்பில்லை. கால்குலேட்டரும் அதைத்தான் உறுதிப்படுத்துகிறது. இது கவனக்குறைவு அன்று. கண்ட உதாரணங்களிலிருந்து குழந்தை ஒழுங்காகவே ஒரு கருத்தை உருவாக்கியிருக்கிறது, நாம் காட்டிய உதாரணங்கள்தாம் ஒரே அச்சில் இருந்தன. 1557இல் இக்குறியை அச்சில் கொண்டுவந்த ராபர்ட் ரெக்கார்டு, இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறில்லை என்றே காரணம் எழுதினார். ஆகவே 12 = 8 + 4, 8 + 4 = 4 + 8, 7 = 7 ஆகியவற்றை எழுதி, சரியா தவறா என்று கேளுங்கள். ‘7 = 7இல் கணக்கே இல்லையே’ என்று யாராவது எழுந்து சொல்வார்கள். அங்கே உடனே தீர்ப்புச் சொல்லிவிடாமல் வாதத்தை நடக்க விடுங்கள்.

பதில் (வேலூர், பெற்றோர்):
தராசுப் படம் போட்டு விளக்குவது வழக்கம். ஆனால் நேதாஜி மார்க்கெட்டில் முள்ளுக்கத்திரிக்காய் வாங்கப் போகும் பிள்ளைகளின் கண்ணில் படுவது எலக்ட்ரானிக் தராசு. தட்டில் காயை வைத்தால் எண் வந்துவிடுகிறது. அதுவும் விடை தரும் இயந்திரமே. எனவே ஒரு கம்பின் நடுவில் கயிறு கட்டி, இரு முனைகளிலும் கொட்டாங்குச்சிகளைத் தொங்கவிட்டு, ஒரே வகை ஒரு ரூபாய் நாணயங்களைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் எட்டும் நான்கும், மறுபக்கம் ஐந்து. அதனுடன் பன்னிரண்டைச் சேர்த்தால் அந்தப் பக்கம் தொப்பென்று இறங்கிவிடும். ஏழைச் சேர்த்தால்தான் கம்பு நேராக நிற்கும்.

பதில் (ஆற்காடு, கணிதப் பட்டதாரி ஆசிரியர்):
தராசு நல்ல தொடக்கம், ஆனால் x + 5 = 2 வந்ததும் அது கைவிட்டுவிடும்; கொட்டாங்குச்சியில் குறை மூன்று நாணயங்களைப் போட முடியாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 7 × 3 = 21 + 4 = 25 என்று ஆசிரியர்களாகிய நாமே பலகையில் ஓட்டமாக எழுதிவிடுகிறோம், இது மாணவர் மனத்தில் உள்ள தவறான கருத்துக்குத் துணைபோகிறது. புரிதலைச் சோதிக்க, 57 + 38 = 56 + □ என்று கொடுங்கள். 95ஐக் கண்டுபிடித்து 56ஐக் கழிப்பவர் விடையைப் பெறுவார். எதையும் கூட்டாமல், இங்கே ஒன்று குறைந்ததால் அங்கே ஒன்று கூடி 39 என்பவரிடம் x-ஐத் தயங்காமல் கொடுக்கலாம்.