போக்கேமான் எல்லோ கேசட்டில் சேவ் நிற்கவில்லை, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. என் மகளுக்கு எட்டு வயது. போக்கேமான் கார்ட்டூன் தொடர் என்றால் சாப்பாடே வேண்டாம். அது முதலில் 1996இல் ஜப்பானில் கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் வந்த விளையாட்டு, தொடர் 1997இல்தான் தொடங்கியது என்று சொன்னதும் விளையாடியே ஆகவேண்டும் என்றாள். என் தம்பியின் பழைய கேம் பாயும் எல்லோ கேசட்டும் பரணில் கிடைத்தன. அவளுக்கு அதைவிடப் பொருத்தமான விளையாட்டு இல்லை. முதலில் வந்த விளையாட்டில், தொடரில் நாயகனோடு வரும் மின்சாரப் போக்கேமான் பிகாச்சுவோடு தொடங்க முடியாது. தொடர் பிரபலமான பிறகு 1998இல் வந்த எல்லோவில், டிவியில் பார்ப்பது போலவே பிகாச்சு பின்னாலேயே நடந்து வரும்.

சனிக்கிழமை முழுக்க முயன்று விளையாட்டின் முதல் பெரிய எதிராளியான புரோக்கை ஜெயித்தாள். அவருடைய கல் போக்கேமான்களிடம் பிகாச்சுவின் மின்சாரம் எடுபடாது, அவ்வளவு சிரமம். மறுநாள் காலை போட்டால் திரையில் ‘நியூ கேம்’ மட்டும்தான் இருக்கிறது. சத்தமில்லாமல் அழுதாள், எனக்குத் தாங்கவில்லை.

உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். சேவ், அதாவது விளையாடிய வரைக்குமான பதிவு, அந்த மின்சாரத்தில்தான் நிற்கிறதாம். எந்த எண் பேட்டரி வாங்க வேண்டும்? பழையது தகட்டோடு ஒட்டவைத்து வருமாமே, சால்டரிங் தெரியாத நான் தொடலாமா? கேசட்டைத் திறக்கும் அந்தத் தனி ஸ்குரூ டிரைவர் இங்கே எங்கே கிடைக்கும்? சென்னையில் இதைச் செய்து தருபவர் யாரையாவது தெரிந்தாலும் சொல்லுங்கள். அடுத்த சனிக்கிழமைக்குள் சரியானால் பெரிய உதவியாக இருக்கும்.