குனிந்து பார்த்த ஊர்கள்

ஐரோப்பாவில் தனியாகச் சுற்றிய மூன்றரை வாரத்தில் சந்தித்தவர்களை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் வருவது, ஒரு வாளியும் ஸ்பாஞ்சுமாகப் பெர்லின் நடைபாதையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி.

அக்டோபர் மூன்றாம் வாரம். ஷோனெபெர்க் பகுதியில், முதுகில் பதினொரு கிலோ பையோடு ஹாஸ்டலைத் தேடிப் போய்க்கொண்டிருந்தேன். அந்த அம்மா ஒரு வீட்டு வாசலில், நடைபாதைக் கற்களுக்கு நடுவே பதித்திருந்த மூன்று பித்தளைத் தகடுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நம் வீட்டில் கார்த்திகைக்கு முன்னால் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்போமே, அந்தப் பக்குவம். நான் நின்றதும், வழி தெரியாமல் நிற்கிறேன் என்று நினைத்து எழுந்தார். "இது என்ன?" என்று கேட்டேன். நனைந்த கையாலேயே ஒவ்வொரு வரியாகத் தொட்டுக் காட்டி ஆங்கிலத்தில் சொன்னார். மேலே "இங்கே வாழ்ந்தார்". அதன் கீழே பெயர், பிறந்த ஆண்டு, நாடு கடத்தப்பட்ட ஆண்டு, கொல்லப்பட்ட இடம். அப்பா, அம்மா, மகள். மகள் பிறந்தது 1934. மூன்று தகட்டிலும் கடைசி வரி, நாஜிகளின் கொலை முகாம் இருந்த ஆஷ்விட்ஸ்.

"உங்கள் உறவினர்களா?"

"இல்லை. நான் இந்த வீட்டுக்கு வந்ததே 1998இல். மூன்றாவது மாடி. அவர்களும் மூன்றாவது மாடியில்தான் இருந்திருக்கிறார்கள்."

அவ்வளவுதான் சொன்னார். திரும்பவும் உட்கார்ந்து தேய்க்கத் தொடங்கிவிட்டார். எனக்கு அங்கிருந்து நகர மனம் வரவில்லை. பையை இறக்கிவைத்துவிட்டு, வாளித் தண்ணீரை மாற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன்.

இந்தக் கற்களுக்கு ஜெர்மன் மொழியில் ஸ்டோல்பர்ஸ்டைன் என்று பெயர். கால் இடறும் கல் என்று பொருள். குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1992இல் கொலோன் நகரில் முதல் கல்லைப் பதித்தார். இன்று ஐரோப்பா முழுவதும் 1,00,000க்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 செ.மீ. சதுரம், ஒருவருக்கு ஒரு கல். கொல்லப்பட்டவர் விரும்பி வாழ்ந்த கடைசி வீட்டின் வாசலில்தான் பதிப்பார்கள். நின்றபடி படிக்க முடியாத அளவுக்கு எழுத்து சிறியது, குனிந்தால்தான் தெரியும். அதற்குப் பிறகு நான் போன ஊர்களிலெல்லாம் கோபுரங்களையும் மாளிகைகளையும் விடத் தரையைத்தான் அதிகம் பார்த்தேன்.

அந்தப் பகுதியில் இன்னொன்றும் உண்டு. பாயரிஷெஸ் ஃபியர்டெல் என்ற அந்தச் சுற்றுவட்டாரத்து விளக்குக் கம்பங்களில் 80 பலகைகள் மாட்டியிருக்கிறார்கள், 1993 முதல். ஒரு பக்கம் சாதாரணப் படம். மறுபக்கம் யூதர்களுக்கு எதிராக நாஜிகள் போட்ட ஒரு சட்டம். ஒரு ரொட்டித் துண்டின் படத்துக்குப் பின்னால், பெர்லினில் யூதர்கள் மாலை 4 முதல் 5 மணி வரை மட்டுமே உணவுப் பொருள் வாங்கலாம் என்ற 1940ஆம் ஆண்டு உத்தரவு. பக்கத்திலேயே பேக்கரி. பலகையைப் படித்துவிட்டு அந்தக் கடைக்குள் போய் ரொட்டி வாங்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஜெர்மனியில் ஞாயிறன்று கடைகள் எல்லாம் மூடிவிடும் என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் சனிக்கிழமை எதையும் வாங்கி வைக்கவில்லை. பெர்லினில் ஒரு முருகன் கோயில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். நொய்கெல்ன் பக்கம் மெட்ரோ பிடித்துப் போனேன். அன்று யாரோ ஒரு குடும்பத்தின் உபயம். பூசை முடிந்து சோறும் சாம்பாரும் கத்தரிக்காய்க் கறியும் கொடுத்தார்கள். எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அறுபது தாண்டிய ஒரு ஐயா என் ஷூவையும் பையையும் பார்த்தார்.

"பிள்ளை, இந்தியாவோ? தனியவோ வந்தனீங்கள்?"

"ஆமாம் ஐயா. திருநெல்வேலி."

"நானும் தனியத்தான் வந்தனான். எண்பத்து நாலில."

யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்பு, அங்கிருந்து கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையம். அப்போது ஈழத் தமிழர்கள் ஏராளமானோர் வந்த வழி அதுதான். கிழக்கு ஜெர்மனி இடைப்பயண அனுமதி கொடுத்துவிடும். ஃப்ரீட்ரிக்ஸ்ட்ராஸ ரயில் நிலையம் வழியாக மேற்கு பெர்லினுக்குள் போய்விடலாம். அப்போது நகரத்தை இரண்டாகப் பிரித்த கோட்டினை ஒரு நாட்டின் எல்லையாக மேற்கு ஜெர்மனி ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் மேற்குப் பக்கத்தில் கடவுச்சீட்டுச் சோதனை வைக்கவில்லை. 1985இல் கிழக்கு ஜெர்மனி அந்த வழியை அடைத்துவிட்டது. "ஒரு வருசம் பிந்தியிருந்தா நான் இங்க இல்லை பிள்ளை," என்றார். அப்போது அவருக்கு 21 வயது. சட்டைப் பையில் ஒரு விலாசம் எழுதிய துண்டுக் காகிதம். பனிக்காலம், கால்சட்டைக்கு மேல் இன்னொரு கால்சட்டை போட்டுக்கொண்டு வந்தாராம்.

அடுத்து எங்கெல்லாம் போகப்போகிறேன் என்று கேட்டார். பட்டியலைச் சொன்னேன். "பேபெல் சதுக்கத்துக்குப் போனனீங்களோ?" என்றார். இல்லை என்றேன். "இரவு போங்கோ. பகல்ல கண்ணாடிக்குள்ள உங்கட முகம்தான் தெரியும்."

அன்று இரவே போனேன். பெரிய கல் பாவிய சதுக்கம். நடுவில் தரையோடு தரையாக ஒரு கண்ணாடிச் சதுரம், உள்ளிருந்து வெள்ளை வெளிச்சம். குனிந்து பார்த்தால் கீழே ஒரு அறை. நான்கு சுவரிலும் வெள்ளைப் புத்தக அலமாரிகள், ஒரு புத்தகம்கூட இல்லை. 20,000 புத்தகங்கள் வைக்கக்கூடிய இடம். 1933 மே 10 அன்று நாஜி மாணவர்கள் அங்கேதான் புத்தகங்களைக் குவித்து எரித்தார்கள். மிகா உல்மான் என்ற இஸ்ரேலியக் கலைஞர் 1995இல் இந்த வெற்று நூலகத்தைச் செய்தார். நான் போனபோது கண்ணாடியைச் சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள், யாரும் பேசவில்லை.

ஐயா ஏன் என்னை அங்கே போகச் சொன்னார் என்பது அப்போது புரிந்தது. 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அவருக்குப் பதினெட்டு வயது. ஏறக்குறைய 97,000 புத்தகங்களும் ஓலைச்சுவடிகளும் போயின. கோயிலில் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் பெர்லினில் எனக்கு ஒரே ஒரு இடம் காட்ட வேண்டும் என்றபோது அவர் காட்டியது இதைத்தான்.

பிராகுக்கு ரயிலில் போனேன். டிரெஸ்டன் தாண்டியதும் எல்பெ ஆற்றை ஒட்டி ஓடும் பாதை. வலது பக்கமோ இடது பக்கமோ, எந்த ஜன்னல் கிடைத்தாலும் கண்ணை எடுக்காதீர்கள். பிராகைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் சேர்க்க ஒன்றுமில்லை.

வியன்னாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ரயில் தாமதம். ஹாஸ்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவு ஒன்றரை மணி. வரவேற்பு மேசை மூடியிருந்தது, அனுப்புவதாகச் சொன்ன கதவுக் குறியீட்டு எண் வரவே இல்லை. போன் எடுக்க ஆளில்லை. நான்கு டிகிரி குளிர். உண்மையிலேயே பயந்தேன். கண்ணாடிக் கதவுக்குள்ளே தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைப் பார்த்து, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து திறந்தார். விடியும்வரை சோபாவில் படுக்கச் சொல்லி, தன் கோட்டை எடுத்து மேலே போர்த்தினார். காலையில் வேலை முடிந்து கிளம்பும்போது பேசினார். போஸ்னியாக்காரர், 1992இல் இரண்டு வயதுக் குழந்தையோடு ஆஸ்திரியாவுக்கு வந்தவர். நான் போஸ்னியத் தலைநகர் சரயேவோவுக்குப் போகிறேன் என்றதும் முகமே மாறிவிட்டது. "அங்கே காபி குடிக்கும்போது அவசரப்படாதே," என்றார். "சர்க்கரைக் கட்டியின் மூலையைக் காபியில் நனைத்துக் கடி. அப்புறம் ஒரு வாய் காபி. கலக்கிக் குடிப்பவர்கள் வெளியூர்க்காரர்கள்." தனியாகப் போகும் பெண்கள் நள்ளிரவில் போய்ச் சேர்கிற மாதிரி ரயில் எடுக்காதீர்கள் என்பதை மட்டும் இங்கே அழுத்திச் சொல்கிறேன். எல்லா இரவும் அப்படி ஒருவர் உள்ளே இருக்கமாட்டார்.

புடாபெஸ்டில் டான்யூப் கரையில், நாடாளுமன்றக் கட்டடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, 60 ஜோடி இரும்புச் செருப்புகள் இருக்கின்றன. 1944-45 குளிர்காலத்தில் ஹங்கேரியின் நாஜி ஆதரவு அம்புச் சிலுவைக் கட்சியின் ஆயுதக் கும்பல் யூதர்களை இந்தக் கரைக்கு இழுத்து வந்து, காலணிகளைக் கழற்றச் சொல்லி, சுட்டு ஆற்றில் தள்ளியது. தோலுக்கு அப்போது விலை இருந்தது. 2005இல் வைத்த நினைவுச் சின்னம் இது. ஒரு சின்னஞ்சிறு ஜோடிக்குள் யாரோ மிட்டாய் வைத்திருந்தார்கள். அங்கே நின்ற ஒரு பாட்டி, காற்றில் சரிந்த மெழுகுவர்த்தியை நிமிர்த்திவைத்துவிட்டு என் தோளைத் தட்டிக்கொடுத்துப் போனார். எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி ஒன்றும் இல்லை.

அங்கிருந்து சரயேவோவுக்கு பஸ். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா, பல நுழைவு வகை, கையில் இருந்ததால் போஸ்னியாவுக்குத் தனியாக விசா எடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒற்றை நுழைவு விசாவோடு போனால் திரும்பி ஷெங்கனுக்குள் வர முடியாது, விண்ணப்பிக்கும்போதே கவனியுங்கள். சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒன்று: அங்கே புரெக் என்றால் இறைச்சி வைத்தது. பாலாடைக்கட்டி வைத்தது சிர்னிட்சா, கீரை செல்யானிட்சா, உருளைக்கிழங்கு க்ரும்பிருஷா. நான் நான்கு நாளும் இவற்றிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

நான் தங்கிய வீட்டுக்காரம்மாவுக்கு, போஸ்னியப் போரில் சரயேவோ முற்றுகை தொடங்கியபோது ஒன்பது வயது. 1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை, 1,425 நாட்கள். சுற்றியுள்ள மலைகளில் இருந்து பீரங்கியும் துப்பாக்கியும். தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை. ஊரின் மதுபான ஆலைக்குள் ஊற்று இருந்தது. அங்கே வரிசையில் நின்று கேன்களில் பிடித்து, செங்குத்தான தெருவில் தூக்கி வருவார்களாம். "அம்மா பத்து லிட்டர், நான் ஐந்து லிட்டர்." குடம் தூக்கிய எங்கள் ஊர்த் தெருக்கள் நினைவுக்கு வந்தன, ஆனால் எங்களை யாரும் குறிபார்க்கவில்லை.

அடுத்த நாள் சந்தைக்குக் கூட்டிப்போனார். வழியில் நடைபாதையில் பூ மாதிரி சிதறிய ஒரு பள்ளம், சிவப்புப் பிசின் ஊற்றி நிரப்பியது. பீரங்கிக் குண்டு விழுந்து ஆட்கள் இறந்த இடங்களை இப்படி நிரப்பிவைத்திருக்கிறார்கள். சரயேவோ ரோஜா என்று சொல்கிறார்கள். நிறம் மங்கிவிட்டது. அவர் பேசிக்கொண்டே வந்தவர், அதன் மேல் கால் படாமல் சுற்றி நடந்தார். பேச்சு நிற்கவில்லை, கால் மட்டும் தானாக விலகியது. மார்க்காலே சந்தையில் 1994 பிப்ரவரி 5 அன்று ஒரே குண்டில் 68 பேர் இறந்தார்கள். இன்று அங்கே தக்காளியும் பூசணியும் விற்கிறார்கள். அவர் பேரம் பேசி ஆப்பிள் வாங்கினார்.

மில்யாட்ஸ்கா ஆற்றங்கரையில் வியெச்னிட்சா என்ற பழைய நகர மன்றக் கட்டடம். 1896இல் திறந்தது, பிறகு தேசிய நூலகமாக இருந்தது. 1992 ஆகஸ்ட் 25 இரவு குண்டு வீசி எரித்தார்கள். வீட்டுக்காரம்மா சொன்னார்: கருகிய தாள்கள் நகரம் முழுக்கப் பறந்தன, எட்டிப் பிடித்தால் ஒரு நொடி எழுத்து தெரியும், பிறகு கையிலேயே உதிர்ந்துவிடும். 2014இல் பழையபடியே கட்டித் திறந்துவிட்டார்கள். வண்ணக் கண்ணாடிக் கூரையின் கீழ் நின்று படம் எடுத்து பெர்லின் ஐயாவுக்கு அனுப்பினேன். 1992 என்று மட்டும் எழுதினேன்.

மோஸ்டாருக்கு ரயில். இரண்டு மணி நேரம், பின்பாதி நெரெட்வா ஆற்றின் பச்சைத் தண்ணீரை ஒட்டி. என் வாழ்க்கையில் பார்த்த மிக அழகான ரயில் பாதை. போய்ச் சேர்ந்தது நவம்பர் 9. 1566இல் கட்டிய கல் பாலத்தை 1993இல் அதே தேதியில்தான் பீரங்கியால் உடைத்தார்கள். 2004இல் அதே வகைக் கல்லால் மறுபடி கட்டியது இப்போது நிற்பது. வழுவழுப்பான கல், கைப்பிடித்து ஏற வேண்டியிருக்கிறது. பாலத்தின் முனையில் "93ஐ மறக்காதீர்கள்" என்று ஆங்கிலத்தில் எழுதிய ஒரு சின்னக் கல், அதுவும் தரையில். குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஐயாவின் குரல் செய்தி.

"பிள்ளை, நல்ல வடிவா இருக்கு. கூரை நல்ல வடிவு. ஆனா ஒண்டு கேக்கிறன். உள்ளுக்கப் புத்தகம் இருக்கோ?"

இல்லை ஐயா என்று எழுதினேன். நூலகம் இப்போது வேறு இடத்தில் இயங்குகிறது, இந்தக் கட்டடத்தில் நகர மன்றக் கூட்டமும் கண்காட்சியும்தான் நடக்கின்றன என்று எழுதினேன்.

பாலத்தை விட்டு இறங்கி, செம்புப் பாத்திரம் தட்டும் கடைகள் வரை வந்துவிட்டேன். அப்போதுதான் பதில் வந்தது.

"எங்கட நூலகத்தில புத்தகம் இருக்கு பிள்ளை. திருப்பிக் கட்டி உள்ளுக்க அடுக்கியிருக்கு. உங்கட ஊருக்குக் கிட்டத்தானே, ஒருக்காப் போய்ப் பாருங்கோ."