ஒருமலர்த் தேனா, ஓரூற்றுத் தேனா?

> பெரும்பாலும் ஒரே வகைப் பூவிலிருந்து கிடைக்கும் தேனான 'மோனோஃப்ளோரல் ஹனி' என்பதற்கு 'ஒருமலர்த் தேன்' என்றே வைத்துக்கொள்ளலாமா? தேனீ வளர்ப்புக் கையேடு அச்சுக்குப் போக வேண்டும். மறுப்பு இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

இருக்கிறது ஐயா. 'ஒரு', 'மலர்' இரண்டுமே எனக்கு இடிக்கின்றன.

'ஒரு' சின்னச் சிக்கல்தான். தேனீக்கு வேலி கட்ட முடியாது. ஒரு தேனீ ஒரு நடையில் பெரும்பாலும் ஒரே வகைப் பூவைத்தான் நாடும் என்றாலும், கூட்டில் இருப்பவை ஆயிரக்கணக்கானவை. நாலு பக்கமும் போய் வரும். அதனால்தான் பன்னாட்டு உணவுத் தரவிதியான கோடெக்ஸும் 'முழுவதுமாகவோ பெரும்பாலுமோ' ஒரே மூலத்திலிருந்து வந்திருந்தால் அந்தப் பூவின் பெயரைப் போடலாம் என்கிறது. சுவை, வேதிப்பண்பு, நுண்ணோக்கியில் தெரிவது எல்லாம் அதற்கு ஒத்துவரவும் வேண்டும். தேனிலுள்ள மகரந்தத்தை எண்ணிப் பார்ப்போர், அதில் பொதுவாக 45 விழுக்காடு அந்தப் பூவினுடையதாக இருந்தால் ஏற்பார்கள். ஆரஞ்சுப் பூவில் மகரந்தம் குறைவாகச் சேரும், அங்கே அதைவிடக் குறைந்தாலும் சரி. செஸ்ட்நட் மரத்தின் பூவில் மகரந்தம் கொட்டிக் கிடக்கும், அங்கே 90 வரை கேட்பார்கள். நியூசிலாந்தின் மனுக்கா என்ற செடியின் தேனில் எண்ணிக்கையே உதவாது, அதன் உறவுச் செடியான கனுக்காவின் மகரந்தமும் பார்க்க அப்படியேதான் இருக்கும். அதனால் அந்நாட்டு அரசு ஏற்றுமதிக்கு நான்கு வேதிப்பொருள்களையும் ஒரு டி.என்.ஏ. அடையாளத்தையும் சோதிக்கச் சொல்கிறது. சரி, 'ஒரு' என்றால் 'பெரும்பாலும்' என்று எழுதாமலே புரிந்துகொள்வோம்.

'மலர்' விஷயத்தில் அப்படி விட முடியாது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மார்த்தாண்டம் தேனில் பெரும்பகுதி ரப்பர் தேன். அது பூவில் எடுத்ததே இல்லை! ரப்பர் இலையுதிர்ந்து தளிர்க்கும்போது, காம்பில் மூன்று சிற்றிலைகள் கூடும் இடத்தைப் பாருங்கள். குண்டூசித் தலை அளவில் சுரப்பிகள் இருக்கும், விரலை வைத்தால் பிசுபிசுக்கும். தேனீ மொய்ப்பது அங்கேதான். பூ இல்லாததால் அந்தத் தேனில் ரப்பர் மகரந்தத்தைத் தேடிப் பயனில்லை; அகப்படுவது வேறு செடிகளுடையதாக இருக்கும். நம் நாட்டின் முக்கியமான தேன் ஒன்றையே வெளியே நிறுத்தும் சொல் எதற்கு?

என் முன்மொழிவு: ஓரூற்றுத் தேன். பூவில் ஊறினாலும் இலைக்காம்பில் ஊறினாலும் ஊற்று ஊற்றுதான். துருக்கியின் பைன் தேனும் இதில் அடங்கும். பைன் மரத்துச் சாற்றை உறிஞ்சும் ஒரு பூச்சி கசியவிடும் இனிப்பைத் தேனீ நக்கிச் சேர்ப்பது அது.

(கொம்புத்தேன், பொந்துத்தேன், கொசுத்தேன் என்று நாம் கூடு இருக்கும் இடத்தையும் ஈயையும் வைத்தே பெயரிட்டுப் பழகிவிட்டோம். தடுமாற்றத்துக்கு அதுவும் காரணமோ?)

> ஊற்று என்றதும் குடிதண்ணீர் கேன் நினைவுக்கு வருகிறதே அம்மா. கடைக்காரர் புட்டியில் ஒட்டுவாரா?

ஒட்ட வேண்டாம் ஐயா. புட்டியில் 'ரப்பர் தேன்', 'வேப்பம்பூத் தேன்' என்று செடியின் பெயர் இருந்தால் போதும். வகையைச் சொல்ல வேண்டிய கையேட்டுக்கும் ஆய்வறிக்கைக்கும்தான் ஓரூற்று. அதன் கீழே ஒருமலர்த் தேன், ரப்பர் போன்ற இலைத்தேன் என்றெல்லாம் பிரித்துக்கொள்ளலாம். உங்கள் சொல்லும் வீணாகாது. பூவில் எடுத்த தேனானால், புட்டியில் 'பூ' என்ற எழுத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. 'முருங்கைத் தேன்' என்று மொட்டையாகப் போட்டால் முருங்கைப் பூவில் எடுத்ததா, இலைப்பொடியைத் தேனில் கலந்ததா என்று யாருக்குத் தெரியும்? 'இஞ்சித் தேன்' எல்லாம் அப்படி ஊறவைத்து வருகிறவைதானே.

இன்னொன்று, கையேட்டில் உறைதல் பற்றி ஒரு பத்தி சேருங்கள். என் வீட்டு ரப்பர் தேன் நெய்போல் உறைந்து வெளுத்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "சீனிப்பாகை வாங்கி ஏமாந்துட்டியே" என்றார். குளுக்கோஸ் மிகுந்த தேன் சீக்கிரம் உறையும்; ஃப்ரக்டோஸ் மிகுந்த ஐரோப்பிய அகேசியா தேன் வருடக்கணக்கில் இளகியே இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் புட்டியை வைத்து இளக்கிக் காட்டினேன். அக்கா இன்னும் நம்பவில்லை.