நுண்ணுயிர் எரிபொருள் கலத்தில் பிஓடி: 100-க்கு மேல் மின்னழுத்தம் ஏறவில்லை

கேள்வி:
பாக்டீரியா கழிவை உண்ணும்போது விடும் எலக்ட்ரானை மின்சாரமாக்கும் நுண்ணுயிர் எரிபொருள் கலத்தைக் கொண்டு, நீரின் பிஓடியை (அதிலுள்ள கரிமக் கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) அளக்கிறேன். 50 மி.லி. கொள்ளும் ஒற்றை அறைக் கலம். கார்பன் ஃபெல்ட் ஆனோடு, காற்று படும் கேத்தோடு, வெளியே 1000 ஓம் மின்தடை. கழிவுநீர்ச் சேற்றிலிருந்து வளர்ந்த பாக்டீரியாப் படலம். சோடியம் அசிட்டேட் கரைசலில் லிட்டருக்கு 100 மி.கி. பிஓடி வரை மின்னழுத்தம் சீராக ஏறுகிறது, பிறகு 470 மில்லிவோல்ட்டிலேயே நிற்கிறது. ஐந்து நாள் சோதனையில் 40 காட்டிய ஆற்றுநீர், இதில் 15 என்கிறது. எங்கே தவறு?

பதில் 1:
முதல் சிக்கலுக்குக் காரணம் மின்தடை. 470 மில்லிவோல்ட், 1000 ஓம் என்றால் 0.47 மில்லிஆம்பியர். அதற்கு மேல் எத்தனை உணவு கொடுத்தாலும் எலக்ட்ரான் வெளியேற வழியில்லை. 100 ஓம் போட்டு, அளவு நிலைப்படும்வரை கரைசலை மாற்றி மாற்றி இரண்டு மூன்று சுற்று ஓடவிடுங்கள்.

உச்ச மின்னழுத்தத்தையும் நம்பாதீர்கள், மொத்த மின்னூட்டத்தைக் கணக்கிடுங்கள். 1 மி.கி. ஆக்சிஜன் தேவைக்கு ஏறத்தாழ 12 கூலும் (மின்னூட்ட அலகு). உங்கள் 50 மி.லி.யில் இருப்பது 5 மி.கி., அதாவது 60 கூலும். 0.47 மில்லிஆம்பியரில் அது தீர 35 மணி நேரத்துக்கு மேல் ஆகும்! கையில் கிடைப்பது 60-ஐவிடக் குறைவாகத்தான் இருக்கும். கேத்தோடு வழியே கசியும் ஆக்சிஜனும் செல் வளர்ச்சியும் ஒரு பங்கைத் தின்றுவிடும். அந்தப் பங்கு சுற்றுக்குச் சுற்று மாறாமல் இருந்தால் போதும்.

பதில் 2:
ஆற்றுநீருக்கு அசிட்டேட் கரைசலை வைத்துப் போட்ட அளவுகோல் (மின் அளவை பிஓடியாக மாற்றும் வரைபடம்) பொருந்தாது. அசிட்டேட்டைப் பாக்டீரியா உடனே உண்ணும். ஆற்றில் இருப்பதை முதலில் உடைக்க வேண்டும். குளுக்கோஸ், குளுட்டாமிக் அமிலம் இரண்டும் லிட்டருக்கு 150 மி.கி. வீதம் கரைத்த தரக் கரைசலை (பிஓடி சுமார் 198) நீர்த்து அளவுகோலைப் புதிதாகப் போடுங்கள். மாதிரியிலும் தரக் கரைசலிலும் ஒரே அளவு பாஸ்பேட் பஃபர் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்), 50 மில்லிமோலார், பிஎச் 7. இல்லையேல் ஆற்றுநீரின் குறைந்த கடத்துதிறனே மின்னோட்டத்தை இறக்கிவிடும்.

நைட்ரேட்டையும் பாருங்கள். கரைந்த ஆக்சிஜனை நைட்ரஜன் வாயுவைக் குமிழவிட்டு வெளியேற்றலாம். நைட்ரேட் அப்படிப் போகாது, எலக்ட்ரானைப் பறித்துக்கொண்டே இருக்கும். கண்டுபிடிக்க எளிய வழி: அதே மாதிரியில் லிட்டருக்கு 30 மி.கி. பிஓடிக்கு ஈடான அசிட்டேட்டைக் கூடுதலாகச் சேருங்கள். சுத்தக் கரைசலில் ஏறும் அளவு ஏறவில்லை என்றால் நைட்ரேட் அல்லது நச்சு.

பதில் 3:
மின்னழுத்தம் 470-இலேயே நிற்கும் அந்த நிலையை வீணாக்காதீர்கள், நச்சைக் கண்டறியப் பயன்படுத்தலாம். அசிட்டேட் எப்போதும் மிகுதியாக இருக்கும்படி வைத்தால் உணவு குறைந்து மின்னழுத்தம் இறங்காது. வெப்பநிலையும் பிஎச்சும் நிலையாக இருக்கும்போது இறங்கினால் செம்பு, காட்மியம் போன்ற நச்சைச் சந்தேகிக்கலாம். ஆனால் அதற்குத் தனிக் கலம் வேண்டும். நச்சுபட்ட படலத்தைக் கொண்டு மறுபடி பிஓடி அளக்கக் கூடாது.