பாசி எண்ணெயில் பயோடீசல் பிரியாமல் சோப்பாகத் திரள்கிறது: காரணம் என்ன?

கேள்வி:
வணக்கம். குளோரெல்லா நுண்பாசியைத் திறந்த தொட்டியில் வளர்த்து, கொழுப்பு சேர்வதற்காகக் கடைசிக் கட்டத்தில் நைட்ரேட்டை நிறுத்தி, பின் வடித்து வெயிலில் உலர்த்தினோம். குளோரோஃபார்ம், மெத்தனால் கலவையால் பிரித்தெடுத்த கரும்பச்சை எண்ணெயுடன் மெத்தனாலும், வினையூக்கியாகப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரமும் சேர்த்து 60 டிகிரி செல்சியஸில் கலக்கினால், துணைவிளைபொருளான கிளிசரால் அடியில் தங்குவதற்குப் பதிலாக எல்லாம் கூழாகத் திரள்கிறது. வினையூக்கியைக் கூட்டினால் கூழும் கூடுகிறது. சமையல் எண்ணெயில் இதே முறை நன்றாக வேலை செய்கிறது. கோளாறு எங்கே இருக்கக்கூடும்?

பதில் 1:
வினையூக்கியைக் கூட்டியதும் கூழ் கூடியது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. எண்ணெயில் கட்டற்ற கொழுப்பு அமிலங்கள் மிகுந்திருந்தால், காரம் தன் வேலையைச் செய்வதற்கு முன்பே அவற்றோடு சேர்ந்து சோப்பாகிவிடும். ஈரப்பாசி வெயிலில் மெல்ல உலரும்போது செல்களிலுள்ள லிப்பேஸ் நொதிகள், எண்ணெயின் முதன்மைக் கொழுப்பான டிரைகிளிசரைடுகளை உடைத்து இந்த அமிலங்களை விடுவிக்கின்றன. எஞ்சிய ஈரமும் சோப்பைப் பெருக்கும். முதலில் தரம்பார்த்து (டைட்ரேஷன்) அமில எண்ணை, அதாவது ஒரு கிராம் எண்ணெயிலுள்ள அமிலத்தை நடுநிலையாக்க எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும் என்பதை, கண்டறியுங்கள். அதில் ஏறத்தாழப் பாதிதான் கட்டற்ற அமிலத்தின் விழுக்காடு.

பதில் 2:
கரைப்பானையும் கவனியுங்கள். அந்தக் கலவை மொத்தக் கொழுப்பை அளப்பதற்கு உகந்தது. எரிபொருளுக்கு வேண்டாத பாஸ்போலிப்பிடுகளையும் (செல்சவ்வுகளிலுள்ள பாஸ்பரஸ் கொண்ட கொழுப்புகள்) பச்சையத்தையும் அது சேர்த்தே இழுத்துவரும். பாஸ்போலிப்பிடுகள் இரண்டு அடுக்குகளும் பிரியாதபடி பால்மமாக்கி நிறுத்திவிடும். ஹெக்சேன் பெரும்பாலும் நடுநிலைக் கொழுப்பையே கரைக்கும் என்றாலும், குளோரெல்லாவின் செல்சுவர் கடினமானது என்பதால், சிறு மணிகளோடு சேர்த்து அரைப்பதாலோ மீயொலியாலோ அதை முதலில் உடைத்தாக வேண்டும்.

கேட்டவர்:
நன்றி. அமில எண் 16 வந்தது. கையிலுள்ள எண்ணெயைக் காப்பாற்ற வழி உண்டா?

பதில் 1:
அப்படியானால் கட்டற்ற அமிலம் சுமார் 8 விழுக்காடு. நேரடிக் காரவழி இதற்கு ஒத்துவராது. சிறிதளவு கந்தக அமிலத்தை வினையூக்கியாக வைத்து, மிகுதியான மெத்தனாலுடன் காற்றோட்டமுள்ள இடத்தில் 60 டிகிரியில் வினைபுரியச் செய்து, அமில எண் 2-க்குக் கீழே இறங்கிய பிறகு, உண்டான நீரையும் எஞ்சிய அமிலத்தையும் நீக்கிவிட்டுக் காரவழிக்குச் செல்லுங்கள். அடுத்த அறுவடையை உடனே உறையவைத்து உலர்த்துங்கள். பெரிய அளவில் செய்வதானால் உலர்த்தலே ஆற்றலைத் தின்றுவிடும் என்பதால், ஈரப்பாசியை அப்படியே உயர் அழுத்தத்தில் 300 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் கச்சா எண்ணெயாக்கும் நீர்வெப்ப முறையையே நான் பரிந்துரைப்பேன். பாசிப் புரதத்தின் நைட்ரஜன் அந்த எண்ணெயில் ஏறிவிடும். அதை ஹைட்ரஜன் கொண்டு நீக்கும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.