அந்தமானில் தூண்டில் படகு: அப்பாவுக்காக ஓர் உதவி

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். காசிமேட்டு விசைப்படகுகளில் 40 ஆண்டுகளாகக் கடலுக்குச் செல்லும் என் அப்பாவை, வலையும் ஏலமும் இல்லாமல் தூண்டில் மட்டும் போட்டு மகிழ, ஒருமுறை அந்தமானுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில்தான் அவருக்கு ஓய்வு. ஆனால் மே மாதப் பிற்பாதியில் தென்மேற்குப் பருவமழை அங்கே தொடங்கிவிடுவதால், ஏப்ரல் கடைசி வாரமே பொருத்தம் என்று நினைக்கிறேன். ஹேவ்லாக் என்று நாம் அறிந்த சுவராஜ் தீவிலிருந்து அந்த வாரத்தில் வாடகைப் படகில் ஆழ்கடலுக்குச் சென்றவர்கள், கடல் எப்படி இருந்தது, நாள் வாடகையில் எரிபொருளும் தூண்டில் கருவிகளும் உயிர்காப்பு அங்கியும் அடங்கியிருந்தனவா என்று தயவுசெய்து எழுதுங்கள்.

பெரிய பாறை மீனைப் பிடித்து, அளந்து, உயிருடன் கடலிலேயே விட்டுவிடுவார்கள் என்று நான் சொன்னபோது, "விடுவதற்கா அவ்வளவு தூரம் போக வேண்டும்?" என்று அப்பா திகைத்தார். எனக்கோ அதுவே முக்கியம். ஆகவே, மீனை எளிதில் கழற்றிவிட, கொக்கி நுனியில் பின்னோக்கி நிற்கும் சிறு முள்ளான எதிர்முள்ளை நசுக்கிய கொக்கிகளைப் பயன்படுத்தும் படகையே தேடுகிறேன். சமைப்பதற்கு ஒரு சூரை மீனை மட்டும் வைத்துக்கொள்ள அனுமதிப்பார்களா? அவருக்கு வயது 66 என்பதால், படகில் நிழற்கூரை இருப்பதும் அவசியம்.