வேதாரண்யம் பக்கம் பெயர் தெரியாத ஒரு புதர்ச்செடி: முற்றிய காய் தேவை

வணக்கம். வேதாரண்யத்துக்கு மேற்கே ஒரு கோயில் காட்டின் மணல் மேட்டில் இந்தச் செடி வளர்கிறது. டிசம்பர் பூவின் பேரினமான பார்லேரியாதான், அதில் சந்தேகமில்லை. புறவிதழ் (புல்லி இதழ்) நான்கு, வெளியே இரண்டு அகலம், உள்ளே இரண்டு ஒடுக்கம். எந்த இனம் என்பதுதான் பிடிபடவில்லை.

இடுப்பளவு உயரம். செம்முள்ளிக்கு இருப்பது போல இலைக்கக்கத்தில் முள் இதற்குக் கிடையாது. பூ வெள்ளை, தொண்டையில் மட்டும் ஊதாக் கோடு. வெளிப் புறவிதழ் ஓரம் முழுக்கச் சுரப்பி மயிர். தொட்டால் விரலில் ஒட்டும். லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு நுனியிலும் ஒரு துளி மின்னுகிறது, அவ்வளவு அழகு! ஐப்பசி மழைக்கு அப்புறம் பூத்து, தை முடிவதற்குள் ஓய்ந்துவிடுகிறது.

தாவரவியலாளர்கள் கேம்பிள், மேத்யூ இருவரும் நம் பகுதிச் செடிகளைப் பற்றி எழுதிய தாவரத் தொகுதிகளிலும் தேடியாயிற்று, பொருந்தவில்லை. திருச்சி ராபினாட் ஹெர்பேரியத்தின் உலர் மாதிரிகளோடும் ஒப்பிட்டேன். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தரங்கம்பாடியிலிருந்து தாவரவியலாளர்கள் கோனிக்கும் ராட்லரும் செடி சேகரித்த கரை இது. இதற்கு யாரோ முன்பே வைத்த பழைய பெயர் ஏதும் இருக்கலாம் என்பதால், புதிய இனம் என்று சொல்ல அவசரப்பட மனமில்லை.

புதிய இனம்தான் என்றால், 2012 முதல் அதை அறிவிக்க லத்தீன் விவரணை கட்டாயமில்லை, ஆங்கிலமே போதும். சரி, எழுதிவிடலாம். ஆனால் காயும் விதையும் பார்க்காமல் எழுதினால் அரைகுறையாகத்தான் இருக்கும். இங்கே பிஞ்சை ஆடு மேய்ந்துவிடுகிறது, தப்பியது வெடித்துச் சிதறிவிடுகிறது.

நாகை, திருவாரூர், தஞ்சைக் கடலோரத்தில், கோடியக்கரை சரணாலயத்துக்கு வெளியே, இந்தச் செடியை முற்றிய காயோடு யாராவது பார்த்திருக்கிறீர்களா?